சரிவில் நிறுத்திய கார்

வாகனப் பரிசோதகர் நீலமேகத்தை யாரும் கல்யாணத்துக்கு அழைப்பதில்லை. அழைக்க வேண்டாம் என்று முதலில் சொன்னது அவர்தான். மொரீஷியஸ் சின்னத் தீவு. இங்கே ஒருவர் இன்னொருவருக்கு மாமன் மகனாக இருப்பார், இல்லையென்றால் பள்ளித் தோழராக, அதுவும் இல்லையென்றால் ஒரே கோயில் சங்கத்தில் சந்தா கட்டுபவராக. ஒரு டாக்சிக்கோ கரும்பு லாரிக்கோ ஃபிட்னஸ் பரிசோதனை நெருங்கும் வாரத்தில் இந்த உறவுகளுக்கு உயிர் வந்துவிடும். வாய்விட்டு யாரும் எதையும் கேட்பதில்லை. வாசலில் ஒரு கூடை லிச்சிப் பழம் இருக்கும். பெயர் சூட்டும் விழாவுக்கு வரச் சொல்லி யாராவது வீட்டுக்கே வருவார்கள். திங்கட்கிழமை அந்த வீட்டு லாரி அவருடைய வரிசையில் வந்து நிற்கும்.

வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களிலேயே நீலமேகம் இதைப் புரிந்துகொண்டார். பழத்தைத் திருப்பி அனுப்பினார். விழாக்களுக்குப் போவதை நிறுத்தினார். தான் ஏறிப் பயணம் செய்யும் எந்த வண்டியையும் தானே பரிசோதிப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டார். அந்த விதியைக் காப்பாற்ற எளிய வழி யாருடைய வண்டியிலும் ஏறாமல் இருப்பது. ஐம்பத்திரண்டு வயதில் அவர் பஸ்ஸில் வேலைக்குப் போய் பஸ்ஸில் திரும்பினார். போர்ட் லூயிஸின் மலையடியில், த்ராங்கபார் பக்கம், செங்குத்தாக ஏறும் ஒரு தெருவின் பாதியில் அவருடைய வீடு. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களும் இப்போது கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அனந்தகிருஷ்ணனை அவர் கோயிலில் சந்தித்தார். கோயம்புத்தூர்க்காரர், நாற்பதைத் தாண்டியவர். பின்னலாடைத் தொழிற்சாலைகள் மாதத்துக்கு ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்த எண்பத்தேழாம் ஆண்டில், கொரோமண்டல் தொழிற்பேட்டையின் ஒரு தொழிற்சாலைக்குச் சாயப்பட்டறை மேலாளராக ஒப்பந்தத்தில் வந்தவர். மனைவி ரமாமணியும் மகள் வாசுகியும் ஊரில். பாம்பூவில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். கோயிலில் எல்லோரும் தேவாரத்தைக் கணீரென்று பாடிவிட்டு, செருப்பை மாட்டும்போதே தீவின் பேச்சுமொழியான கிரியோலுக்கு மாறிவிடுவதைப் பார்த்து அவர் முதல் மாதம் திகைத்துப்போனார். பிறகு ஒரு நாள், குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த ஒரு மனிதர், பாடப்புத்தகத்தை வாசிப்பது போல, "தாங்கள் இந்தியாவிலிருந்து வருகிறீர்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்ண்ணா," என்றார் அனந்தகிருஷ்ணன். "நீங்க எந்தக் கல்வெட்டுல இருந்து வர்றீங்க?"

நீலமேகத்துக்கு அந்தக் கேலி புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்தார். அவருடைய தமிழ் மாலை வகுப்பிலும் கோயிலிலும் கற்றது. வீட்டில் அம்மா அப்பா காலத்திலேயே கிரியோல்தான். 'அண்ணா' என்று யாரோ தன்னை அழைத்தது அவருக்குப் பிடித்திருந்தது. பதிலுக்கு அவர் 'தம்பி' என்றார். அந்த வார்த்தை அவர் வாயில் 'தெம்பி' என்றுதான் வந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. பூஜை முடிந்ததும் அனந்தகிருஷ்ணன் தன் பழைய ஜப்பான் காரின் முன்கதவைத் திறந்துவிடுவார். நீலமேகம் ஏறிக்கொள்வார். தன் வரிசைக்கு வராத கார், பாட்ரிக் என்ற இன்னொரு பரிசோதகர் பார்க்கும் கார் என்று மனத்தைச் சமாதானம் செய்துகொண்டார். மேற்குக் கரைக்குப் போவார்கள். புதிதாக எழும் ஹோட்டல்களின் வேலிக்கு வெளியே, சவுக்கு மரத்தடியில், ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி தமிழில் பேசுவார்கள். மழை, சாயம், தீவில் முருங்கைக்காய் விற்கும் விலை, வாசுகியின் பரீட்சை. வாரம் முழுவதும் "ஹெட்லைட் போடு", "ஹாரன் அடி" என்பதைத் தாண்டி யாரிடமும் பேசாத நீலமேகம், அந்தச் சில மணி நேரத்தில் தன் தமிழ் மெல்ல மெல்லச் சரளமாகி வருவதாக உணர்ந்தார். வெள்ளிக்கிழமையே, ஞாயிற்றுக்கிழமை சொல்வதற்கான வாக்கியங்களைச் சேர்த்து வைக்கத் தொடங்கினார்.

அந்தக் காரின் பின் சக்கரங்களில் இருந்தது டிரம் பிரேக். சிறிய கார்களில் அப்போது அதுதான் வழக்கம். முன்னே டிஸ்க், பின்னே டிரம். க்யூர்ப்பிப் மேட்டில் வருடத்தில் பாதி நாள் தூறல் விழும். தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் ஈரம் புகுந்துகொள்ளும். அதன் பிறகு இரண்டு மூன்று முறை மிதிக்கும்வரை பின் பிரேக் பிடிக்காது. இரண்டாம் வருடம் ஒரு நாள், அந்த மேட்டிலிருந்து இறங்கும் சாலையில், கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்றின் பின்புறம் காரின் கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றதைப் பார்த்த பிறகு, அனந்தகிருஷ்ணன் முடிவு செய்தார்.

"டிசம்பர்ல ரமாவும் பாப்பாவும் வர்றாங்கண்ணா. ஊர் பூராச் சுத்திக் காட்டணும். பின்னாடியும் டிஸ்க் போட்டுடறேன்."

"போடலாமா?"

"ஏன் போடக் கூடாது? எங்க மில்லுல இத்தாலியில இருந்து ஒரு பாகம் வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் மிஷினை நிறுத்தி வெச்சுட்டுச் சாமி கும்பிடறோமா? லேத்துல கடைஞ்சு போட்டு ஓட்டிடறோம். இதென்ன பிரமாதம்."

வேலை பாம்பூவில், செர்ஜ் என்ற மெக்கானிக்கின் முற்றத்தில் நடந்தது. விபத்தில் நசுங்கிய பெரிய கார் ஒன்றின் முன் சக்கரங்களிலிருந்து டிஸ்க்குகளையும் அவற்றைக் கவ்வும் கேலிப்பர்களையும் செர்ஜ் கழற்றி வந்திருந்தான். அவற்றைப் பின் அச்சில் பொருத்தத் தேவையான தடித்த இரும்புத் தாங்கிகளை அனந்தகிருஷ்ணன் தொழிற்சாலைப் பட்டறையில் வெட்டிக் கடைந்து கொண்டுவந்தார். பின்பக்கம் அதிகமாகப் பிடித்துக் கார் சுழன்றுவிடாமல் இருக்க, அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு வால்வையும் குழாயில் சேர்த்தார். ஞாயிறு தவறாமல் இருவரும் காருக்கடியில் கிடந்தார்கள்.

நீலமேகம் அங்கேதான் இருந்தார். ஆனால் பார்க்கவில்லை. மாமரத்தடியில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு, காருக்கு முதுகைக் காட்டி, கோழிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நான் பார்க்கக் கூடாது. நான் பார்த்தால், நான் சொல்வேன். நான் சொன்னால், அது என் வேலை ஆகும். பிறகு பாட்ரிக் எப்படிப் பரிசோதனை செய்வான்?"

"அண்ணா, திரும்பி ஒரு தடவை பாருங்க. எப்படிக் கச்சிதமா உக்காந்திருக்குன்னு."

"கோழி போதும்."

செர்ஜுக்கு இது வாராவாரம் நடக்கும் வேடிக்கை. "மிஸ்யே நீலமேகம், பெண்பார்க்கும் வீட்டில் மாப்பிள்ளை கூட இப்படி வெட்கப்பட மாட்டான்," என்று கிரியோலில் சொல்லி, எண்ணெய்க் கையால் தொடையைத் தட்டிச் சிரித்தான். நீலமேகமும் சிரித்தார். திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் சம்மட்டிச் சத்தம் கேட்கக் கேட்க, ஊரில் முதல் மழைக்கு மண் எப்படி மணக்கும், ஆடிக் காற்றில் பஞ்சாலைக் கூரை எப்படி அதிரும் என்று காருக்கடியிலிருந்து ஒரு குரல் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை அந்தக் கார் பரிசோதனை நிலையத்துக்கு வந்தது. பாட்ரிக் அந்த வாரம் விடுப்பில் இருந்தான். அதனால் நிலையத்தில் ஓடியது ஒரே வரிசை, அதன் முனையில் நீலமேகம். தேதியை மாற்றிக்கொண்டு பாட்ரிக் வந்த பிறகு வரச் சொல்லியிருக்க வேண்டும். அனந்தகிருஷ்ணன் இஸ்திரி போட்ட சட்டையில், புதிதாகக் கழுவிய காருக்குள் உட்கார்ந்து, பரீட்சைக்கு முதல் ஆளாக வந்த மாணவனைப் போலச் சிரித்ததைப் பார்த்ததும் அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. அதோடு, அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்ததற்கு, இப்போது பார்க்க வேண்டும் என்று அவருக்கும் ஆசையாக இருந்தது.

அன்று காலை வந்த எந்த வண்டியும் அதைப் போல நிற்கவில்லை. நீலமேகம் பக்கத்து இருக்கையில் ஏறி, பிரேக் அளக்கும் கருவியைக் காலடியில் வைத்து, வேகம் எடுத்ததும் "இப்போது" என்றார். கார் தரையில் ஆணி அடித்தது போல நின்றது. இழுக்கவில்லை, அலையவில்லை. இரண்டாம் முறையும் அதே. குழியில் இறங்கி விளக்கடித்துப் பார்த்தார். தாங்கிகள் சுத்தமாகக் கடையப்பட்டிருந்தன. ஒரு குழாய்கூடத் தொங்கவில்லை. அதன் பிறகுதான் ஹேண்ட்பிரேக் கம்பியைத் தேடினார். அது எங்கேயும் போய்ச் சேரவில்லை. சுருட்டி, அச்சுக்கு மேலே கட்டி வைக்கப்பட்டிருந்தது.

"தம்பி, ஹேண்ட்பிரேக் எங்கே?"

அனந்தகிருஷ்ணன் காத்திருந்தது இந்தக் கேள்விக்காகத்தான். இருக்கைகளுக்கு நடுவே ஒரு சிறிய பித்தளைக் கைப்பிடியைக் காட்டினார். "முன் சக்கரத்துக் கேலிப்பர்ல ஹேண்ட்பிரேக் நெம்புகோல் வராதில்லீங்களா? அதனால இது. பெடலை நல்லா மிதிச்சுட்டு, இதை இப்படித் திருப்பினீங்கன்னா, பின் சக்கரத்துக்குப் போன அழுத்தம் உள்ளேயே பூட்டிக்கும். காலை எடுத்தாலும் விடாது. எங்க சாய மிஷின்ல இருக்கிற அதே வால்வு. பெரிய பெரிய தொட்டியெல்லாம் இது தாங்குது."

சரிவு மேடையில் ஏற்றிப் பார்த்தார்கள். கைப்பிடியைத் திருப்பியதும் கார் அசையவில்லை. நீலமேகம் பின்னாலிருந்து தோளால் தள்ளிப் பார்த்தார். பாறையைத் தள்ளுவது போல இருந்தது.

அவர் மேடையை விட்டு இறங்கி, கைகளைத் துணியில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"நன்றாக நிற்கிறது. ஆனால் பாஸ் இல்லை."

"என்னங்ண்ணா?"

"நிறுத்தி வைக்கும் பிரேக், இரும்பால் பிடிக்க வேண்டும். கம்பி, நெம்புகோல். எண்ணெய் அழுத்தத்தால் பிடிக்கக் கூடாது. எண்ணெய் சூடு ஆறினால் சுருங்கும். ரப்பர் கசியும். இப்போது நிற்கும். நாளைக்கு நிற்குமா?"

"எங்க தொட்டி ராத்திரி பூரா அழுத்தத்துல நிக்குதுங்களே."

"அங்கே பம்ப் ஓடுகிறது."

பின்னால் ஒரு டாக்சி ஹாரன் அடித்தது. அனந்தகிருஷ்ணன் பித்தளைக் கைப்பிடியைப் பார்த்தபடி, தணிந்த குரலில் சொன்னார்: "ரெண்டு மாசமா நீங்க பத்தடி தள்ளித்தானே உக்காந்திருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேற கேலிப்பர் தேடியிருப்பனே."

"நான் பார்க்கவில்லை, தம்பி."

"அதான். பார்க்கலை."

கார் தேறவில்லை என்று எழுதிய தாளை நீலமேகம் நீட்டினார். அனந்தகிருஷ்ணன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று மாலை அவர் த்ராங்கபாருக்கு வந்தார். பாம்பூவிலிருந்து அந்த நேரத்தில் வருவது சுலபமில்லை. முகத்தில் மறுபடியும் பழைய உற்சாகம் இருந்தது.

"அண்ணா, ஒரு யோசனை. உங்க வீட்டு முன்னாடி இருக்கிற மேடு உங்க மேடையைவிடச் செங்குத்து. சனிக்கிழமை மத்தியானம் காரை இங்க நிறுத்தி, வால்வைப் பூட்டிட்டு, சாவியை உங்ககிட்டயே குடுத்துட்டுப் போயிடறேன். கியர்ல போட மாட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து பார்ப்போம். ஒரு விரக்கடை நகர்ந்திருந்தாக்கூட நானே கழட்டி எறிஞ்சுடறேன். நகரலைன்னா?"

நகராவிட்டாலும் பாஸ் கிடையாது. நீலமேகத்துக்கு அது தெரியும். ஒரு நாள் நின்ற கார் முன்னூறு நாள் நிற்கும் என்பதற்குச் சாட்சி ஆகாது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார் என்று தோன்றியது. சனிக்கிழமை வருவார், ஞாயிற்றுக்கிழமையும் வருவார் என்பது மட்டும் மனத்தில் நின்றது.

"சரி தம்பி," என்றார்.

சனிக்கிழமை மதியம் கார் வந்தது. மலையைப் பார்த்தபடி, வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்தினார்கள். அனந்தகிருஷ்ணன் பெடலை இரண்டு காலாலும் மிதித்து, கைப்பிடியைத் திருப்பி, இறங்கி, கார் அசையாமல் நிற்பதைச் சற்று நேரம் பார்த்தார். சாவியைக் கொடுத்தார். "சாட்சிக்கு ஆள் வேணும்னா அந்த நாயைக் கூப்பிட்டுக்கங்க," என்று எதிர்வீட்டு நாயைக் காட்டிவிட்டுப் பஸ் பிடிக்க இறங்கிப் போனார்.

நீலமேகம் ஜன்னலருகே நாற்காலியை இழுத்துப் போட்டார். பின்மதியம் முழுவதும் கார் அங்கேயே இருந்தது. மேகம் வந்து வெயில் தணிந்தது. காரின் கூரை குளிர்ந்தபோது தகடு எங்கோ ஒரு முறை 'டக்' என்றது. அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்தத் தெரு கீழே போய்ச் சேரும் இடத்தில் பஸ் நிறுத்தம். சனிக்கிழமைகளில் தொழிற்சாலை பஸ்கள் பொழுது சாயும் நேரத்தில் பெண்களை அங்கே இறக்கிவிடும். சட்டைக் கழுத்து தைப்பவர்கள், பொத்தான் வைப்பவர்கள், துணி மடிப்பவர்கள். சம்பள நாள் என்பதால் அவர்கள் உடனே கலைந்து போக மாட்டார்கள். நிறுத்தத்துச் சுவரில் உட்கார்ந்து, கேக் பிமான் என்ற மிளகாய் வடையைச் சூடாக வாங்கித் தின்று, சத்தமாகச் சிரிப்பார்கள். குழந்தைகள் அம்மாவை எதிர்பார்த்து அங்கே ஓடி வந்திருக்கும். நீலமேகம் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். காரின் பின்புறத்திலிருந்து அந்தச் சுவர் வரை தெரு நேராக இறங்கியது. நடுவில் தடுப்பு ஒன்றும் இல்லை.

இருபத்தைந்து வருடமாக, வண்டி மேட்டில் நிற்கும்போது சக்கரத்துக்கு அடை கொடுக்காமல் அவர் அந்த இடத்தை விட்டு நகர்ந்ததில்லை. செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனார். வேலி ஓரத்தில் கிடந்த ஒரு கருங்கல்லை இரண்டு கையாலும் தூக்கி வந்து, பின் சக்கரத்துக்கு அடியில் வைத்து, குதிகாலால் உதைத்து இறுக்கினார். கல் டயரோடு ஒட்டி உட்கார்ந்தது. அவருக்கு மூச்சு சீரானது.

மேடேறி வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு மிஷெலின் நின்றாள். கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம். "மிஸ்யே நீலமேகம், கி உ பெ ஃபேர் லா?" என்ன செய்கிறீர்கள் என்று கிரியோலில் கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள், "கடைசியில் ஒரு கார் வாங்கிவிட்டீர்களா? ஓட்டவா, கட்டிப்போட்டு வளர்க்கவா?" என்றாள்.

"என்னுடையது இல்லை. ஒரு நண்பருடையது."

"உங்களுக்கு நண்பரா!" அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். பொட்டலத்திலிருந்து ஒரு வடையை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள். அவளுடைய கணவன் ஒரு வேன் வைத்திருந்தான். நீலமேகம் வடையைப் பார்த்தபடி சற்று நேரம் நின்று, எதிர்வீட்டு நாய்க்குப் போட்டார்.

மறுநாள் காலை பூஜைக்குப் போகவில்லை. கார் நின்ற இடத்திலேயே நின்றது. கல்லும் வைத்த இடத்திலேயே இருந்தது. கார் தானாக நிற்கிறதா, கல்லின் மேல் சாய்ந்து நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். தெரியவில்லை. கல்லை எடுத்துப் பார்க்கலாம். எடுத்தால் நகர்ந்தாலும் நகரலாம். எடுத்தபின் நகரவில்லையென்றால், கல்லை வேலி ஓரத்தில் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம். அவர் கல்லின் மேல் கைவைத்தார். இரவில் பெய்த மழையில் அது ஈரமாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அனந்தகிருஷ்ணன் மதியம் வந்தார். கோயிலிலிருந்து நேராக வந்ததால் நெற்றியில் திருநீறு. தெருவின் அடியிலிருந்தே காரைப் பார்த்துவிட்டார். கையை உயர்த்திக்கொண்டு வேகமாக ஏறினார். "நிக்குதுங்ண்ணா! அப்படியே நிக்குது பாருங்க!" அருகில் வந்ததும் கை இறங்கியது.

"இதென்ன கல்லு?"

"நான் வைத்தேன்."

"எப்போ?"

"நேற்று. பஸ் வந்தது. கீழே பெண்கள், குழந்தைகள் இருந்தார்கள்."

அனந்தகிருஷ்ணன் குந்தி உட்கார்ந்து கல்லைப் பார்த்தார். டயருக்கும் கல்லுக்கும் நடுவே விரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

"ரெண்டு விரல் இடம் விட்டு வெச்சிருக்கலாமேண்ணா. நகர்ந்துச்சா இல்லையான்னாவது தெரிஞ்சிருக்கும். நகர்ந்தாலும் கல்லு தடுத்திருக்கும்."

நீலமேகத்துக்கு அது தோன்றவேயில்லை. அடைக்கல் என்றால் இறுக்கி வைப்பது. இடைவெளி விட்டு வைப்பதை அவர் யாருக்கும் அனுமதித்ததில்லை.

"அடைக்கல் அப்படி வைக்கக் கூடாது," என்றார். பிறகு, வியாழக்கிழமையே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னார்: "தம்பி, கல் இல்லாமல் நின்றாலும் நான் பாஸ் போட முடியாது. ஒரு நாள் நிற்பது கணக்கு இல்லை."

அனந்தகிருஷ்ணன் எழுந்தார். முழங்கால் மண்ணைத் தட்டினார். கோபப்படுவார் என்று நீலமேகம் எதிர்பார்த்தார். கோபம் வந்திருந்தால் கிரியோலில் கத்தும் லாரிக்காரர்களைச் சமாளித்த பழக்கம் கைகொடுத்திருக்கும்.

"அப்போ அன்னிக்கு எதுக்குங்க சரின்னு சொன்னீங்க?"

நீலமேகத்திடம் அதற்கான வாக்கியம் இருந்தது. கிரியோலில் இருந்தது. தமிழில் அதை அடுக்கப் பார்த்தார். நீ வருவாய் என்று, நீங்கள் வர வேண்டும் என்று. எது சரி என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அனந்தகிருஷ்ணன் கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க சார். பரவாயில்லை. செர்ஜ் பழைய டிரம்மைத் தூக்கிப் போடலை, பத்திரமா வெச்சிருக்கான். டிசம்பருக்குள்ள மாட்டிடலாம்."

அவர் உள்ளே ஏறிப் பெடலை மிதித்துக்கொண்டதும் நீலமேகம் கல்லை எடுத்து வேலி ஓரமாக வைத்தார். அனந்தகிருஷ்ணன் கைப்பிடியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பி, காரை மெதுவாகத் திருப்பி இறக்கினார். நீலமேகத்துக்காக முன்கதவு திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் இன்னும் நிறைய மீதமிருந்தது.

டிரம்கள் திரும்பி வந்தன. விடுப்பு முடிந்து வந்த பாட்ரிக் காரைப் பார்த்துப் பாஸ் போட்டான். காரை ஓட்டி வந்தது செர்ஜ். அனந்தகிருஷ்ணன் வரவில்லை. "மிஸ்யே, நன்றாக நிற்கிற காரைக் கெடுத்து மறுபடி நொண்டியாக்கிவிட்டோம்," என்று செர்ஜ் நீலமேகத்திடம் வந்து சொன்னான். குற்றம் சொல்லவில்லை. செய்தியாகத்தான் சொன்னான். நெம்புகோல் வைத்த கேலிப்பர் எந்தக் காரில் வரும் என்று நீலமேகம் விசாரித்து, போர்ட் லூயிஸில் உடைத்த கார்கள் விற்கும் ஒருவரிடம் ஒரு ஜோடி இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். விதியை மீறி அதைச் செர்ஜிடம் சொன்னார். செர்ஜ் தலையாட்டினான். "சொல்கிறேன். ஆனால் அவர் இனிமேல் அதைத் தொட மாட்டார்." அனந்தகிருஷ்ணனிடமிருந்து பதில் எதுவும் வரவில்லை.

டிசம்பர் கடைசியில், கோயில் வாசலில், நீலமேகம் அவர்கள் மூவரையும் பார்த்தார். அனந்தகிருஷ்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "ரமா, இவர் நீலமேகம் சார். ஃபிட்னஸ் ஆபீஸ்ல இருக்காரு." ரமாமணி, வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பானேன், எங்களோடேயே வந்துவிடுங்கள் என்று வற்புறுத்தினாள். மறுக்க அவருக்குத் தமிழ் வாக்கியம் கிடைப்பதற்குள் பின்கதவு திறந்திருந்தது. அவர் வாசுகியின் பக்கத்தில் உட்கார்ந்தார். முன் இருக்கையில் ரமாமணி.

கார் நகர்ந்ததும் பேச்சு தொடங்கியது. ரமாமணி கேட்டாள், அனந்தகிருஷ்ணன் சொன்னார், அவர் முடிப்பதற்குள் அவள் மறுத்தாள், இருவரும் சேர்ந்து சிரித்தார்கள், வாசுகி நடுவில் புகுந்து எதையோ திருத்தினாள். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பாதியில் தேய்ந்து, அடுத்ததில் ஏறிக்கொண்டன. நீலமேகம் முன்னால் சாய்ந்து கவனித்தார். ஏதோ மோட்டார். யாரோ பெரியம்மா. அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருந்தது. வாசுகி அவரைப் பார்த்து எதையோ கேட்டாள். அவர் புன்னகைத்தார். அவள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடி புன்னகைத்தார்.

"அப்பா, இந்த மாமாவுக்குத் தமிழ் தெரியாதா?"

"தெரியும் கண்ணு, நல்லாத் தெரியும்," என்றார் அனந்தகிருஷ்ணன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். விட்ட இடத்திலிருந்து ரமாமணியிடம் பேச்சைத் தொடர்ந்தார், அதே வேகத்தில்.

சவுக்கு மரத்தடியில் அவர் இப்படிப் பேசியதில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே ஒரு ரொட்டித் துண்டைப் பிய்க்கும் நேரம் விடுவார். கடினமான வார்த்தை வந்தால் பக்கத்திலேயே இன்னொரு வார்த்தையை வைப்பார். இரண்டு வருடமாக, ஞாயிற்றுக்கிழமைதோறும், அவர் அதைச் செய்துகொண்டிருந்தார். நீலமேகம் அதைத் தன் தமிழின் வளர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மலையடிப் பஸ் நிறுத்தம் வந்ததும், "இங்கே போதும்," என்றார்.

"மேலயே வந்து விடறேனுங்க சார்."

"வேண்டாம். மேடு."

அவர் இறங்கியதும் ரமாமணி கையசைத்தாள். கார் திரும்பிப் போனது. நீலமேகம் தெருவில் ஏறத் தொடங்கினார். ஏறும்போது, கேட்டவற்றில் தனக்குப் பிடிபட்ட வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மோட்டார். பெரியம்மா. நிச்சயதார்த்தம். வியாழக்கிழமை. எது முதலில் வந்தது, எது எதோடு சேர்ந்தது என்பது நினைவில்லை. மிஷெலின் வீட்டைக் கடக்கும்போது உள்ளே ரேடியோ கிரியோலில் புயல் எச்சரிக்கை வாசித்துக்கொண்டிருந்தது. அதில் ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரிந்தது.